நான்கு மூலைப் போக்கர் சில்லு வித்தை: ஒரு பெட்டியும் அதன் பூர்வீகமும்

மேஜையின் மேல், பார்ப்பவரின் கண்ணுக்கு மிக அருகில் செய்து காட்டும் மேஜிக்கில் ஆர்வமுள்ளவர்களுக்காக இணையத்தில் விற்கப்படும் போக்கர் சில்லுப் பெட்டி ஒன்றை வாங்கி, நன்கு பழகி, வீட்டிலும் நண்பர்கள் கூடும் இடங்களிலும் செய்து பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். போக்கர் என்ற சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாகப் பயன்படும் வட்ட வில்லைகள்தான் சில்லுகள்; இந்தப் பெட்டியில் உள்ளவை தரமானவை. வித்தையோ நூறாண்டுகளுக்கு மேலாகப் பல கைகளில் தேறி வந்த உயர்ந்த வித்தை. ஆனால் பெட்டியோடு வரும் காணொளிப் பாடம், இது முற்றிலும் புதிய படைப்பு என்று அறிவித்துவிட்டு, எங்கிருந்து வந்தது, யார் யார் இதற்கு உருக்கொடுத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் முடிந்துவிடுகிறது. வாங்குபவருக்கு அது உண்மையான இழப்பு என்று நான் கருதுவதால், பூர்வீகத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ரகசியம் எதையும் சொல்லப்போவதில்லை. பெட்டிக்குள் இருப்பவற்றின் முழுப் பட்டியலைக்கூடத் தருவதற்கில்லை.

பார்ப்பவர் காண்பது இதுதான். ஒரு விரிப்பின் நான்கு மூலைகளில் நான்கு சில்லுகள் வைக்கப்படுகின்றன. அவற்றின் மேல் சீட்டுகள் மூடப்படுகின்றன. ஒரு மூலையில் சீட்டை எடுத்தால் அங்கே சில்லு இல்லை. எதிர் மூலையில் இரண்டு இருக்கின்றன. பிறகு மூன்று, பிறகு நான்கு. ஒவ்வொரு முறையும் சீட்டைத் தூக்குவதற்கு முன் ஒரு நொடி நிறுத்தினால், பார்ப்பவரின் பார்வை எந்தச் சீட்டில் நிலைத்திருக்கிறது என்பதை அவருடைய முகத்திலேயே பார்க்க முடியும். இவ்வளவு எளிமையான கதையமைப்பு கொண்ட வித்தைகள் குறைவு. மொழி தெரியாதவருக்கும் இது புரியும், குழந்தைக்கும் புரியும்.

இந்தக் கதையமைப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தைச் சேர்ந்தது. அன்று சில்லுகளின் இடத்தில் நாணயங்கள் இருந்தன; வித்தையின் பெயர் ‘சிம்பதெட்டிக் காயின்ஸ்’. அதை உருவாக்கியவராக மேஜிக் உலகம் யாங்க் ஹோ என்ற மேடைப் பெயர் கொண்ட கலைஞரைக் குறிப்பிடுகிறது. பரவலாக அறியப்பட்ட பழைய விளக்கங்களில் ஒன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மார்ஷல்டவுனைச் சேர்ந்த டி. நெல்சன் டவுன்ஸின் பெயரில் 1909இல் வெளியான ‘தி ஆர்ட் ஆஃப் மேஜிக்’ நூலில் இருக்கிறது. அந்த நூலைத் தொகுத்துச் செப்பனிட்டவர் ஜான் நார்தர்ன் ஹில்லியர்ட். டவுன்ஸ் (1867–1938) தன்னை ‘நாணயங்களின் மன்னர்’ என்று அழைத்துக்கொண்டவர். 1899இல் லண்டன் பேலஸ் தியேட்டரில் வெறுங்காற்றிலிருந்து நாணயங்களைப் பறித்துப் பறித்துத் தொப்பியில் போட்டுப் பெரும்புகழ் பெற்றவர். அவரைப் போன்ற மேடைக் கலைஞர் ஒருவரின் நூலில், ஒரு மேஜையும் ஒரு துணியும் சில சீட்டுகளும் மட்டுமே கேட்கும் இந்தச் சிறிய வித்தை இடம்பெற்றது கவனிக்கத்தக்கது. ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில் இருந்த மேஜிக், கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்த நான்கைந்து பேரை நோக்கியும் நகரத் தொடங்கியிருந்தது.

அந்த நகர்வை முழுமையாக்கியவர்களுள் மாக்ஸ் மாலினிக்கு இணையாக எனக்கு யாரையும் சொல்லத் தோன்றவில்லை. 1873இல் ஐரோப்பாவில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, உலகம் முழுவதும் சுற்றி, 1942இல் ஹொனலூலுவில் மறைந்த மாலினியின் கைகள் மிகச் சிறியவை. பெரிய கை கொண்டவர்களுக்கே நாணய வித்தை வாய்க்கும் என்று நம்புபவர்களுக்கு அவர் ஒருவரே போதுமான பதில். விருந்து மேஜையில் இருக்கும் சர்க்கரைக் கட்டிகள் நான்கை எடுத்து, சீட்டும் துணியும் இல்லாமல், தன் வெறுங்கைகளால் மட்டும் மூடித் திறந்து, அவற்றை ஒரே இடத்தில் கூட்டிக் காட்டுவார். இந்த வடிவத்துக்கு ‘சிங்க்-எ-சிங்க்’ என்று பெயர். மாலினியைப் பற்றி மேஜிக் கலைஞர் டாய் வெர்னான் நினைவிலிருந்து சொன்னவற்றை லூயிஸ் கான்சன் எழுத, 1962இல் அது நூலாக வந்தது. நாம் இன்று மாலினியைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததே. சர்க்கரைக் கட்டியை அவர் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. அது அவர் கொண்டுவந்த பொருளாகத் தோன்றாது. விருந்து கொடுத்தவருடைய பொருளாகவே தோன்றும். அதன் மேல் யாருக்கும் சந்தேகம் எழாது. நான் வாங்கிய பெட்டியின் மிகப் பெரிய சிக்கல் சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த பெரிய திருப்பம் மேஜிக் கலைஞர் அல் ஷ்னைடருடையது. நான்கு நாணயங்களுக்கு நான்கு சீட்டுகள் என்ற தெளிவான அமைப்பில், எந்த அசைவும் வீணாகாதபடி அவர் வகுத்த ‘மேட்ரிக்ஸ்’ 1970இல் ‘ஜெனி’ என்ற மேஜிக் இதழில் வெளியானது. அதன் பிறகு இந்த வகை வித்தை முழுவதையுமே மேஜிக் கலைஞர்கள் ‘மேட்ரிக்ஸ்’ என்று அழைக்கும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கடைசியில் நான்கும் சட்டென்று மீண்டும் அதனதன் மூலைக்குத் திரும்பிவிடும் முடிவு பிற்காலத்தில் சேர்ந்தது. பெட்டியின் காணொளியில் புதுமை என்று அதிகம் பேசப்படுவது இந்த முடிவுதான். ஆனால் நான் மேஜிக் கற்கத் தொடங்கிய காலத்திலேயே அது பலரிடமும் வழக்கத்தில் இருந்தது.

நாணயம் இருந்த இடத்துக்குச் சில்லு எப்படி வந்தது என்பதற்கு அமெரிக்க நாணய வரலாற்றைப் பார்க்க வேண்டும். அங்கே மேஜிக் கலைஞர்கள் விரும்பிய நாணயங்கள் இரண்டு: 30.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரை டாலரும், 38.1 மில்லிமீட்டர் விட்டமும் 26.73 கிராம் எடையும் கொண்ட வெள்ளி டாலரும். வெள்ளி டாலர் வார்ப்பு 1935 தேதியிட்ட நாணயங்களோடு நின்றது. 1964 மார்ச்சில் அமெரிக்கக் கருவூலம் கையிருப்பிலிருந்த வெள்ளி டாலர்களைக் கொடுப்பதையும் நிறுத்தியது. அதுவரை நெவாடா சூதாட்ட விடுதிகளின் மேஜைகளில் வெள்ளி டாலர்கள் சாதாரணமாகப் புழங்கின. 90 விழுக்காடு வெள்ளி கொண்ட அரை டாலரின் கடைசி ஆண்டும் 1964தான். ஆக, பார்ப்பவரின் சட்டைப்பையிலிருந்து வாங்கிச் செய்யக்கூடிய பெரிய நாணயம் மெல்ல மெல்ல மறைந்தது. போக்கர் சில்லின் வழக்கமான விட்டம் 39 மில்லிமீட்டர். வெள்ளி டாலருக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. வெள்ளி டாலருக்குப் பழகிய விரல்களுக்குச் சில்லு அந்நியமாக இருக்க வாய்ப்பில்லை என்பதும், அது எல்லாரும் அறிந்த பொருள் என்பதும், நிறம் உடையது என்பதும் சேர்ந்தே அதை மேஜிக் மேஜைக்குக் கொண்டுவந்தன என்று நான் நினைக்கிறேன்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 11.5 கிராம் சில்லுகளில் பெரும்பாலானவை ‘களிமண் கலவை’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. உண்மையில் அவை நடுவே உலோகத் தகடு வைத்த பிளாஸ்டிக். அவை ஒன்றோடொன்று மோதினால் ‘டக்’கென்று கூர்மையான ஓசை எழும். சூதாட்ட விடுதிகளின் அசல் சில்லுகள் பலவற்றில் அந்தத் தகடு இருக்காது. எடை குறைவு, ஓசை மங்கல். இந்தப் பெட்டியின் தயாரிப்பாளர் இரண்டாவது வகைக்கு நெருக்கமான பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன். நான்கு மூலை வித்தையில் ஓசைதான் முதல் எதிரி. ஓசை எழக் கூடாத நேரத்தில் எழுந்தால் எல்லாம் முடிந்தது. இந்தச் சில்லுகள் விரிப்பின் மேல் பேசாமல் உட்காருகின்றன.

விளிம்பைச் சுற்றி ஓடும் குறுக்குக் கோடுகள் விரலுக்கு நல்ல பிடி தருகின்றன. வியர்க்கும் கைகளுக்கு இது பெரிய உதவி. நம் ஊர் வெயிலில் மெருகேறிய நாணயம் வழுக்கும் அளவுக்கு இவை வழுக்குவதில்லை. ஆனால் அதே கோடுகள், பஞ்சு எழும்பிய விரிப்பில் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. ஒரு சில்லை மெதுவாக நகர்த்தும்போது துணியில் மெல்லிய சுருக்கம் விழுந்து, அந்தச் சுருக்கம் சில்லு போன வழியைக் காட்டிவிடுகிறது. அடர்த்தியான, வழுவழுப்பான மேற்பரப்புள்ள விரிப்பை வாங்கிக்கொள்வது நல்லது. நடுவிலுள்ள ஒட்டுத்தாள் ஒரு சில்லில் மையத்திலிருந்து சற்று விலகி ஒட்டப்பட்டிருந்தது. கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு சில்லை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய அதுவே போதும் என்பதால் இதைச் சிறிய குறை என்று விட்டுவிட முடியாது.

அளவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போக்கர் சீட்டின் அகலம் சுமார் 63 மில்லிமீட்டர். 39 மில்லிமீட்டர் சில்லை அதன் கீழே வைத்தால் இருபுறமும் 12 மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சும். அரை டாலருக்கு 16 மிஞ்சும். சில்லின் தடிமன் 3.3 மில்லிமீட்டர் அளவு, அரை டாலருடையது 2.15. கீழே சில்லு இருக்கும் சீட்டு ஓரளவு மேலெழும்பி நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியும். நாணயத்துக்காக வகுக்கப்பட்ட அசைவுகளை அப்படியே சில்லுக்கு மாற்றினால் இந்த இடங்களில் உடையும். காணொளியில் கற்றுத்தருபவர் நேர் மேலிருந்து படம்பிடிக்கப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் எங்கும் தெரிவதில்லை. மேஜைக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் கோணத்திலிருந்தும் ஒரு முறையாவது காட்டியிருக்க வேண்டும். கூடவே தரப்படும் சீட்டுகள் மெல்லியவை. சில நாள் பழக்கத்திலேயே வளைந்துவிட்டன. நல்ல சீட்டுக்கட்டு ஒன்றை நீங்களே வைத்திருப்பது நல்லது.

முன்னால் சொல்லாமல் விட்ட பெரிய சிக்கலுக்கு வருகிறேன். சர்க்கரைக் கட்டி விருந்து கொடுத்தவருடையது. நாணயம் பார்ப்பவருடையதாக இருக்க முடியும். சில்லு எப்போதும் வித்தை செய்பவருடையதுதான். போக்கர் ஆடும் பழக்கமில்லாத வீடுகளில் பையிலிருந்து சில்லுகளை எடுத்தவுடனேயே “இதில் ஏதோ இருக்கிறது” என்ற எண்ணம் பிறந்துவிடுகிறது. என் உறவினர் வீட்டு மேஜையில் என் காதில் விழுந்த முதல் பேச்சும் “அதைக் கொஞ்சம் கொடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்” என்பதுதான். மாலினியின் தேர்வு ஏன் மேதைமை என்பது அப்போது புரியும். பூர்வீகத்தைக் கற்றுக்கொடுத்திருந்தால், பாடம் படித்தவர் இந்தக் கேள்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து, சில்லுகளை முதலில் வேறொரு விளையாட்டுக்கோ கணக்குக்கோ பயன்படுத்தி, பார்ப்பவர் கையில் புழங்கவிட்டு, பிறகு வித்தையைத் தொடங்கியிருப்பார். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பெயர்களைச் சொல்லாமல் விடுவதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேஜிக் வித்தையின் செய்முறைக்குச் சட்டம் தரும் காப்பு மிகக் குறைவு. ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்ததை இன்னொருவர் பெட்டியில் போட்டு விற்க முடியும். எனவே “இது இன்னாருடையது” என்று சொல்வதுதான் கண்டுபிடித்தவருக்கு அந்தத் துறை கொடுக்கும் ஒரே நிலையான ஊதியம். அல் ஷ்னைடரின் பெயரைச் சொல்ல ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியை மிச்சம்பிடித்து விற்பனையாளர் அடைந்த லாபம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

யார் வாங்கலாம் என்று கேட்டால், நாணயத்தில் இந்த வித்தையை ஏற்கெனவே ஓரளவு செய்யக்கூடியவர்கள் தயங்காமல் வாங்கலாம். நம்மிடம் புழங்கும் 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர்தான்; ஐந்தாறு பேர் சூழ்ந்து நின்றால் பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. சிவப்பும் நீலமுமான இந்தச் சில்லுகள் அறையின் மறுகோடியிலிருந்தும் தெரிகின்றன. சூதாட்டப் பொருளை வீட்டு விசேஷத்தில் காட்டுவதைப் பெரியவர்கள் சிலர் விரும்ப மாட்டார்கள். அத்தகைய இடங்களில் நான் நாணயத்துக்கே திரும்பிவிடுகிறேன். முற்றிலும் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் நான்கு 10 ரூபாய் நாணயங்களையும் ஒரு பழைய சீட்டுக்கட்டையும் வைத்துப் பழகிவிட்டு, கை படிந்த பிறகு இந்தப் பெட்டிக்குச் செலவழிப்பது நல்லது. வாங்கியதும் சில்லுகளை வரிசையாக வைத்து, ஒட்டுத்தாள் எல்லாவற்றிலும் மையத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எனக்கு வந்ததில் இருந்த குறையை எழுதியதும் விற்பனையாளர் மாற்றுச் சில்லை மறுபேச்சின்றி அனுப்பிவைத்தார்.