"ஒரிஜினலா, அண்ணே?": சாத்ரியா ஜிடிஐ வைத்திருப்பவனின் விலைப் புலம்பல்

கியர்பாக்ஸை இறக்கி இரண்டாம் கியரைச் சரிசெய்த பில் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "வித்துத் தொலைங்க." அதே வாரம் என் சித்தப்பா மகன் செந்தூலிலிருந்து போன் போட்டு, "அண்ணே, ஒரு ஜிடிஐ பார்த்து வச்சிருக்கேன், என்ன விலைக்குக் கேக்கலாம்?" என்றான். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கார், நம்ம மலேசியக் கம்பெனி புரோட்டோன் செய்த சாத்ரியா ஜிடிஐ. அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93பி எஞ்சின், ஐந்து கியர், ரெக்காரோ சீட், பின்கதவில் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்ற பேட்ஜ். என்னுடையது 2003-ஆம் வருடக் கார், சிவப்பு. புரோட்டோன் 1996-இல் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான லோட்டஸை வாங்கியதால் சாதாரண மலேசியனுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், வளைவு நிறைந்த உலு யாம் ரோட்டில் இந்தக் காரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் முன்சக்கரம் எங்கே போகிறது என்பது ஸ்டீரிங் வழியாக உள்ளங்கைக்கே தெரியும். இருபது வருடம் தாண்டிய காரில் இன்றும் அது குறையவில்லை. புதுக் கார்களில் எத்தனையோ வசதி இருக்கிறது, இது மட்டும் இல்லை.

சரி, விலைக்கு வருவோம். என் எரிச்சலே அங்கேதான்.

முதலில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் கடைக்கு ஓட்டிப் போனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, காரைச் சுற்றிக்கூட வரவில்லை. ரோட்டெக்ஸையும் வருடத்தையும் பார்த்தார். "பாஸ், ஓல்ட் கார் லா. ஏழாயிரம்." ரெக்காரோ, லோட்டஸ், சர்வீஸ் புத்தகம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அதில்கூட எனக்குக் கோபமில்லை, அது அவர் வியாபாரம். கோபம் வந்தது திரும்பும்போது. கடையின் உள் வரிசையில் இன்னொரு சாத்ரியா நின்றது. கண்ணாடியில் 'ரேர் யூனிட்' என்று எழுதி 38,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டிருந்தார்கள். வாங்கும்போது வருடத்துக்கு விலை, விற்கும்போது பெயருக்கு விலை. ஸ்பெஷல் எடிஷன் கார் வைத்திருப்பவர் எல்லாருக்கும் நடப்பது இதுதான்.

இன்ஷூரன்ஸ் கதை இன்னும் மோசம். புதுப்பிக்கும்போது கம்ப்யூட்டர் காட்டுகிற சந்தை மதிப்பு வருடா வருடம் இறங்குகிறது. வெளியே நல்ல ஜிடிஐ கேட்கும் விலையோ ஏறுகிறது. நான் ஏஜெண்டிடம், "முப்பதாயிரத்துக்குப் போடுங்கள், பிரிமியம் கூட வந்தாலும் பரவாயில்லை" என்றேன். அவர் சிரித்தார். சந்தை மதிப்பு அடிப்படையிலான பாலிசியில் எவ்வளவு எழுதினாலும், கார் காணாமல் போன அன்றைய மதிப்புக்கு மேல் ஒரு காசு தரமாட்டார்கள். குறைத்து எழுதினாலும் ஆபத்து: சந்தை மதிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், சேதத்தில் ஒரு பங்கை நம் தலையில் கட்டிவிடுவார்கள். முன்கூட்டியே தொகையைப் பேசி முடிக்கிற 'அக்ரீட் வேல்யூ' பாலிசிதான் இதற்கு வழி. ஆனால் பதினைந்து வயது தாண்டிய கார் என்றாலே பல நிறுவனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அதுவும் திருடர்களுக்குச் செல்லப்பிள்ளையான சாத்ரியா! பெடல் லாக், ஸ்டீரிங் லாக் இரண்டும் போட்டுவிட்டுத்தான் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கிறேன், அதுவும் கார் தெரிகிற மேசையில்.

பேங்க் லோன் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த வயதுக் காருக்குக் கிடைக்காது. அதனால் வாங்குகிறவர் முழுத்தொகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். 'முப்பத்தைந்துக்கு விற்கிறார்கள், நாற்பதுக்கு விற்கிறார்கள்' என்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கேட்கிற விலை வேறு, ரொக்கமாக எண்ணி வைக்கிற விலை வேறு.

அப்புறம் வருகிறவர்கள் ஜிடிஐ பிரியர்கள். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். வந்ததும் வணக்கத்துக்கு முன்னால் வருகிற கேள்வி, "ஒரிஜினலா, அண்ணே?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1.3, 1.5, 1.6 சாத்ரியா எல்லாவற்றுக்கும் ஒரே மூன்று கதவு உடம்பு. பாடிகிட் மாட்டி, ஹாஃப்கட் கடையிலிருந்து (வெட்டிய பழைய கார்களின் பாகம் விற்கும் கடை) எஞ்சின் இறக்கி, ரெக்காரோ சீட் போட்டால் தெருவில் பார்ப்பவனுக்கு ஜிடிஐதான். லோட்டஸ் பேட்ஜே தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறது. என்னிடமே ஒருத்தர், "கார் வேண்டாம், பேட்ஜை மட்டும் தர்றீங்களா?" என்று கேட்டார். காரைவிட அதுக்கு மதிப்பு கூடிவிட்டதோ என்று அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தேன்.

அதனால் தம்பி, பேட்ஜைப் பார்க்காதே. பானட்டைத் திற. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சுவரில் செசி நம்பர் (காரின் உடம்புக்கான தனி எண்) அடித்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி. எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், சுற்றி உரசிய தடமோ புதுப் பெயிண்டோ இருக்கக்கூடாது. கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், 1834 சிசி என்று இருப்பது மட்டும் போதாது. மாற்றிய எஞ்சினை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியோடு பதிந்திருந்தாலும் அதே 1834 வரும். எஞ்சின் நம்பர், செசி நம்பர், கிராண்ட் மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பெயர் மாற்றும்போது எப்படியும் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையத்தில் பார்ப்பார்கள், ஆனால் அதற்குள் உன் டெபாசிட் போயிருக்கும். விற்கிறவர், "முதலில் பணம், அப்புறம் புஸ்பாகோம்" என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

விலையைக் கூட்டுவது என்ன என்றால், மாற்றாமல் விட்டதுதான். நான் போட்ட ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்டுக்கு ஒரு காசு ஏறவில்லை. ஸ்டோரில் தூக்கிப்போட்டிருந்த கம்பெனி எக்ஸாஸ்டைக் காட்டியதும் வந்த பையன் கண்ணில் வெளிச்சம். பழைய ரசீது, மாற்றிய டைமிங் பெல்ட் பில், கிழியாத ரெக்காரோ துணி, இரண்டு சாவி, இதெல்லாம் பணம். மறுபடி அடித்த பெயிண்ட் குறைக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினின் தலைப்பகுதியில் 'டிக் டிக்' என்று லிஃப்டர் தட்டினால் பயப்படாதே, மிட்சுபிஷி எஞ்சின் குணம் அது. சூடான பிறகும் தட்டினால் பேரத்தில் சொல்லிக்கொள்.

எண்ணிக்கை குறைந்ததாலேயே விலை ஏறும் என்றும் நம்பாதே. 2010-இல் சாத்ரியா நியோ ஆர்3 லோட்டஸ் ரேசிங் என்று 25 கார் மட்டும் விட்டார்கள், விலை 115,000 வெள்ளி. நியோவுக்கு அந்த விலையா என்று அப்போது ஊரே சிரித்தது. அது அலமாரியில் வைக்கிற கார். பெரோடுவாவின் சின்னக் கார் கெலிசாவைப் பார். பெரிய எடிஷன் கதை எதுவும் வேண்டியதில்லை. எரிச்சலூட்டாமல் ஓடுகிறது, அதனாலேயே விலை நிற்கிறது. ஜிடிஐ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கார்: ஓட்டினால் தேய்கிறது, ஓட்டாவிட்டால் வாங்கி என்ன பயன்?

என் கணக்கு இதுதான். நம்பர் மூன்றும் ஒத்துப்போகிற, துரு இல்லாத ஜிடிஐக்கு 25,000 வரை போகலாம். அதற்கு மேல் கேட்டால் வேண்டாம் என்று சொல். உண்மையைச் சொன்னால் அந்த விலைக்கும் வேண்டாம். பவர் விண்டோ பாதியில் நிற்கும், கூரைத் துணி தொங்கும், பாகம் தேடி ரவாங் வரை அலைவாய், மழையில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நல்ல பெரோடுவா மைவி ஒன்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இரு.

என்னுடையதைக் கேட்பவர்களுக்கு 40,000 சொல்கிறேன். அதற்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.