ஹைட்ரில்லா ஒளிச்சேர்க்கை கிட்: குமிழி வருகிறது, கணக்குதான் உதைக்கிறது

பள்ளி ஆய்வகங்களுக்கான இந்த கிட்டில் 500 மில்லி முகவை, குட்டைக் காம்புப் புனல், சோதனைக் குழாய், சோடியம் பைகார்பனேட் பொட்டலம், புரோமோதைமால் நீலம் (அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் நீலமாகவும் மாறும் நிறங்காட்டி), எல்.இ.டி. விளக்கு எல்லாம் இருக்கின்றன. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் வருவதைக் கண்ணால் காட்ட இது தாராளமாகப் போதும். வேகத்தையும் அளக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே, அதுதான் அதிகப்படி.

முகவை நீரில் செடியின் மேல் புனலையும், அதன் காம்பின் மேல் நீர் நிறைந்த சோதனைக் குழாயையும் கவிழ்ப்பதுதான் அமைப்பு. தண்டுகளை நீருக்குள்ளேயே வெட்டி, வெட்டுவாய் மேல்நோக்கிப் புனல் காம்பைப் பார்க்கும்படி வையுங்கள். குமிழி பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். புனல் முகவையின் அடியில் ஒட்டி உட்காரக் கூடாது. விளிம்புக்குக் கீழே மூன்று களிமண் உருண்டைகளை வைத்தால் நீர் உள்ளே போய்வரும். இல்லையென்றால் உள்ளிருக்கும் கரியமில வாயு குறையக் குறையக் குமிழியும் மந்தமாகிவிடும். கையேட்டில் இது இல்லவே இல்லை.

செடிக்குக் கரியமில வாயு கிடைக்கச் சேர்க்கும் பைகார்பனேட் 500 மில்லிக்கு 2.5 கிராம் போதும். பெரிய கோளாறு அடுத்த பக்கத்தில்: அதே முகவையில் புரோமோதைமால் நீலத்தையும் ஊற்றச் சொல்கிறார்கள். பைகார்பனேட் கரைசல் காரத்தன்மை உடையது. நிறங்காட்டி தொடக்கத்திலிருந்தே நீலமாக நிற்கும், செடி என்ன செய்தாலும் மாற்றம் தெரியாது. அதைத் தனிக் குழாயில் சாதாரண நீரில் விட்டு, உறிஞ்சுகுழலால் ஊதி மஞ்சளாக்கி, ஒரு சிறு தண்டைப் போட்டு வெளிச்சத்தில் வையுங்கள். நாம் ஊதிய கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ள, மஞ்சள் பச்சையாகி, பிறகு நீலமாகும். செடி இல்லாத குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஹைட்ரில்லாவையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கையேடு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சுவாரசியமே அங்கேதான். நடுநரம்பு நீங்கலாக இலை இரண்டே செல் தடிமன். அடர்ந்து மண்டிய இடத்தில் பகலில் நீரின் கரியமில வாயு வற்றிவிடும். அப்போது இந்தச் செடி சி4 வழிக்கு, அதாவது கரியமில வாயுவை முதலில் பிடித்துச் செறிவாக்கிப் பிறகு பயன்படுத்தும் முறைக்கு மாறுகிறது. மக்காச்சோளத்தில் இந்த வேலையை இருவகைச் செல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இங்கே ஒரே செல்லுக்குள் முடிந்துவிடுகிறது. சைட்டோபிளாசத்தில் (செல்லின் உட்கூழில்) கார்பனைப் பிடித்து மாலேட் என்ற சேர்மமாக்கி, அதைப் பசுங்கணிகத்துக்குள் அனுப்பி, அங்கே கரியமில வாயுவாக விடுவித்து, அதைச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கும் ரூபிஸ்கோ நொதிக்குக் கொடுக்கிறது. மற்ற நீர்த்தாவரங்கள் திணறும் நேரத்திலும் இது வளர்வதற்கு இது ஒரு காரணம்.

அளவீட்டுக்கு வருவோம். குமிழிகள் ஒரே அளவில் வருவதில்லை. எண்ணிக்கையை வைத்து வேகம் சொன்னால் தப்பாகும். சோதனைக் குழாய்க்குப் பதில், அளவுக்கோடு உள்ள ஒடுங்கிய குழாயைக் கவிழ்த்து, சேர்ந்த வாயுவின் கன அளவைப் படியுங்கள். விளக்கை 10 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்கு நகர்த்தினால் ஒளி ஏறத்தாழ கால்வாசியாகும். வாயு அதே விகிதத்தில் குறையாவிட்டால் பதற வேண்டாம். முதல் நிலையில் ஒளி தேவைக்கு மேல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் விட்ட பிறகே அளவெடுங்கள். தணல் குச்சி சோதனைக்கு (கனலும் குச்சி ஆக்சிஜனில் மீண்டும் பற்றி எரிகிறதா என்று பார்ப்பது) அரைக் குழாயாவது நிரம்பட்டும். சேர்வது தூய ஆக்சிஜன் அல்ல, நைட்ரஜனும் கலந்திருக்கும்.

எல்.இ.டி. விளக்கு நன்று, நீரை அதிகம் சூடாக்காது. புனல் பிளாஸ்டிக் என்றாலும் தெளிவாகத் தெரிகிறது. பயன்படுத்திய தண்டை மட்டும் சாக்கடையிலோ குளத்திலோ வீசாதீர்கள். ஒரு கணு இருந்தாலே புதிதாகத் துளிர்க்கும். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள். முகவை நீரை வடிகட்டி ஊற்றுங்கள்.