கறுப்பு நம்பர் பிளேட் வண்டிகளோடு ஏழு வருடம்

2018 பொங்கல் விடுமுறை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் அங்கே நிறுத்தி, கீழே அணையைப் பார்ப்பார்கள். நாங்களும் நிறுத்தினோம், ஆனால் அணையைப் பார்க்க அல்ல. வண்டிக்குள் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. சின்ன மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இருந்த பாறையில் ஒரு வரையாடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாமே ஓட்டிக்கொள்ளும் 'செல்ஃப் டிரைவ்' வாடகை வண்டியில்தான் போயிருந்தோம். நான் முன்பதிவு செய்திருந்தது ஒரு குட்டி எஸ்யூவி. வண்டி எடுக்கப் போன வெள்ளிக்கிழமை இரவு, கோவையில் வாடகை நிறுவனத்தின் யார்டில் மிச்சம் இருந்தது 90,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு ஹேட்ச்பேக்தான். "அதே கேட்டகிரிதான் சார்" என்றார் சாவி கொடுத்தவர். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்து வந்துவிட்டேன்.

மேலே ஏறாமல் அப்படியே திரும்பி, பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். மெக்கானிக் கறுப்பு நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே சிரித்தார். "வாடகை வண்டிங்களா? எடுக்கறப்பவே பார்க்கலீங்களா?" கிளட்ச் பிளேட் தேய்ந்து முடிந்திருந்தது. அவர் சொல்லிக்கொடுத்த சோதனையை இன்று வரை கியர் வண்டி எடுக்கும்போதெல்லாம் செய்கிறேன். சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். இஞ்சின் உடனே திணறி நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரே ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்சும் கெட்டுவிடும்.

எங்களிடம் சொந்தக் கார் கிடையாது. வருடத்துக்கு இரண்டு பயணத்துக்காக ஒரு காரை வாங்கி வாசலில் வெயிலில் காய வைப்பானேன் என்பது என் மனைவியின் கட்சி. அதனால் இந்த ஏழு வருடத்தில் 14 முறை செல்ஃப் டிரைவ் வண்டி எடுத்திருக்கிறோம். நல்ல வண்டி கிடைப்பது அதிர்ஷ்டம் என்றுதான் முதல் மூன்று முறையும் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. முன்பதிவு செய்யும்போது நாம் வாங்குவது ஒரு வகையை மட்டுமே. எந்த வண்டி என்பது யார்டில் முடிவாகிறது. அந்த முடிவு நடக்கும் நேரத்தில் நாம் அங்கே விழித்துக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுக்கப் போனால் நல்லதெல்லாம் போயிருக்கும். ஞாயிறு இரவு திரும்பி வந்த வண்டியைத் திங்கள் காலை ஏழு மணிக்கே எடுத்தால் கழுவியிருப்பார்கள், வேறெதுவும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் இப்போது வியாழக்கிழமை மதியமே எடுத்துவிடுகிறேன். ஒரு நாள் வாடகை கூடுதல்தான். ஆனால் வரிசையாக நான்கு வண்டி நிற்கும், சுற்றி வந்து பார்க்கலாம், யாரும் அவசரப்படுத்துவதில்லை. அன்று இரவே வீட்டில் சாமான்களை ஏற்றிவிட்டு அதிகாலையில் கிளம்பவும் வசதி.

அடுத்தது வண்டி எண். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அதற்கு வண்டி எண் வேண்டும். அதுவரை எந்த வாடகை நிறுவனமும் முதல் நாளே எண்ணைச் சொன்னதில்லை, "வண்டி ரெடியானதும் மெசேஜ் வரும் சார்" என்பார்கள். "இ-பாஸ் போடணுங்க, நம்பர் இல்லாம முடியாது" என்றதும் அனுப்பிவிட்டார்கள். எண் கையில் வந்ததும் எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் போட்டுப் பார்த்தேன். பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை, ஃபிட்னெஸ் சான்றிதழ் எதுவரை எல்லாம் வந்தது. ஆறு வருடம் பழைய வண்டி. போன் போட்டு, வேறு இருக்கிறதா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் இரண்டு வருடம்கூட ஆகாத வண்டியின் எண் வந்தது. ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. இப்போது ஊட்டிக்குப் போகாவிட்டாலும் முதல் நாளே எண்ணைக் கேட்டு வாங்குகிறேன். (2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆகவே பாஸ் முதலில், ஹோட்டல் பிறகு.)

இனி டயர். வாடகை வண்டியில் இஞ்சினை விட நான் டயரைத்தான் பார்க்கிறேன். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேடு வரைக்கும் தேய்ந்திருந்தால் அது மொட்டை டயர், மழையில் மலை இறங்க ஆகாது. ஸ்டெப்னியையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு முறை ஸ்டெப்னி இருந்தது, காற்று இருந்தது, ஜாக்கி மட்டும் இல்லை. அது தெரிந்தது சத்தியமங்கலம் தாண்டி, இரவு எட்டு மணிக்கு.

பெரிய வண்டிதான் நல்ல வண்டி என்று நினைத்து ஏமாந்த கதை இரண்டு இருக்கிறது. அம்மா, அப்பாவோடு ஆறு பேர் மறையூர் வழியாக மூணாறு போக எர்டிகா எடுத்தேன். ஏழு பேர் உட்காரலாம், சரிதான். ஆனால் மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். ஸ்விஃப்ட் டிக்கியை விடக் குறைவு. அப்பா மடியில் ஒரு பையோடு சின்னாறு வரை வந்தார், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்னொரு முறை நான்கு பேருக்கு டிசையர் கேட்டேன், டிக்கி பெரிது என்று. வந்தது எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டி. டிக்கியைத் திறந்தால் உள்ளே சிலிண்டர் படுத்திருக்கிறது. வாடகைக்கு விடுபவர்களுக்கு சி.என்.ஜி. லாபம், நமக்கு மலையில் இழுவையும் குறைவு, பெட்டிக்கு இடமும் இல்லை. முன்பதிவுப் பக்கத்தில் படம் போட்டிருப்பார்கள், சிலிண்டர் படத்தில் தெரியாது. "பெட்ரோலா, சி.என்.ஜி.யா?" என்று வாயால் கேட்டுவிடுங்கள்.

கோவாவில் நடந்தது வேறு வகை. செல்ஃப் டிரைவுக்கென்று பதிவான வண்டிக்குக் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சளில் கறுப்பு. சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு. 1989இல் வந்த ரென்ட்-எ-கேப் திட்டத்தில் உரிமம் வாங்கக் குறைந்தது 50 வண்டி வேண்டும் என்று விதி, அதனால் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் வெள்ளை பிளேட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாளுக்கு 400 ரூபாய் குறைவு என்று நானும் ஒரு வெள்ளை பிளேட் வண்டியை எடுத்தேன். போலீஸ் நிறுத்தினால் "நண்பரோட வண்டின்னு சொல்லுங்க" என்று சொல்லியே சாவியைக் கொடுத்தார்கள். நான்கு நாளும் காக்கிச் சட்டையைப் பார்த்தாலே வயிறு கலங்கியது. அபராதம் கூடப் பரவாயில்லை. சொந்த உபயோகத்துக்கான இன்ஷூரன்ஸ் பாலிசியில் வாடகைக்கு விடுவது சேராது. எங்காவது மோதியிருந்தால் முழுச் செலவும் என் தலையில்தான் விழுந்திருக்கும். அந்த 1,600 ரூபாய் மிச்சத்தை நினைத்தால் இப்போதும் என் மீதே கோபம் வருகிறது.

வெளிநாட்டில் ஒரே ஒரு முறை எடுத்திருக்கிறோம். 2024 ஏப்ரலில் நியூசிலாந்து, கிரைஸ்ட்சர்ச்சில் எடுத்துக் குயின்ஸ்டவுன் வரை போய்த் திரும்பினோம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தப் பயம் இல்லை. முன்பதிவில் 'ஈ.சி.ஏ.ஆர்.' (ECAR) என்று ஒரு குறியீடு இருந்தது. ஏதோ பில் நம்பர் என்று முதலில் விட்டுவிட்டேன். அது உலகம் முழுக்க வாடகைக் கார் நிறுவனங்கள் பயன்படுத்தும் வகைக் குறியீடு. முதல் எழுத்து வண்டியின் அளவு, இரண்டாவது உடல் அமைப்பு, மூன்றாவது கியரா ஆட்டோமேட்டிக்கா, நான்காவது எரிபொருளும் ஏசியும். பக்கத்தில் ஒரு மாடலின் பெயர் போட்டு 'அல்லது அதைப் போன்றது' என்றிருக்கும். நமக்கு உறுதியாகக் கிடைப்பது அந்த நான்கு எழுத்து மட்டுமே.

கவுன்டரில் சின்ன வண்டிகள் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. எல்லோரும் மலிவான வகையையே முன்பதிவு செய்வதால் அதுதான் முதலில் தீரும், தீர்ந்தால் மேல் வகையைத்தான் தர வேண்டும். எங்களுக்கு ஒரு பெரிய எஸ்யூவியை இலவசமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் குதித்தார்கள், நானும் மனசுக்குள் குதித்தேன். ஒப்பந்தத் தாளில் நான்காவது எழுத்து 'ஆர்' போய் 'டி' ஆகியிருந்ததை அப்போது கவனிக்கவில்லை. டீசல். நியூசிலாந்தில் டீசல் விலையில் சாலை வரி சேராது. அதற்குப் பதிலாக ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகக் கட்ட வேண்டும், 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். 1,600 கிலோமீட்டர் ஓட்டியிருந்தோம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏறக்குறைய 120 டாலர் பில். மோசடி ஒன்றுமில்லை, பங்க்கில் டீசல் மலிவாகக் கிடைத்ததையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டமும் பெரிதில்லை. ஆனால் கேட்டிருந்தால் தயாராக இருந்திருப்பேன். தென் தீவில் ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய, பல இடங்களில் எதிரே வருபவருக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அங்கெல்லாம் அந்த அகலமான வண்டியில் என் மனைவி கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

அங்கே கற்றது இன்னொன்று. ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். எங்களிடம் இருந்தது மனைவி பெயரில். எனவே முதல் நாள் முழுக்க அவள்தான் ஓட்டினாள், என்னைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்தது மறுநாள்தான். (என்னை விட நன்றாகவே ஓட்டுகிறாள். இதை இங்கே எழுதச் சொன்னதும் அவளே.) குயின்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலைக்குப் பொதுவாக வாடகை வண்டி இன்ஷூரன்ஸ் செல்லாது, அதையும் ஒப்பந்தத்தில் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

டெபாசிட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021இல் வண்டியைத் திருப்பிக் கொடுத்து மூன்று நாள் கழித்து, முன் பம்பருக்கு அடியில் கீறல் என்று 8,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எடுத்த புகைப்படங்களில் நான்கு பக்கமும் இருந்தன, அடிப்பகுதி இல்லை. பணம் போனது போனதுதான். அதன் பிறகு படம் எடுப்பதில்லை, வீடியோதான். மீட்டரில் கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் தெரியத் தொடங்கி, வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பம்பர் அடி, நான்கு வீல், கண்ணாடி, கூரை, கடைசியில் டிக்கிக்குள் ஸ்டெப்னி. கொடுக்கும்போதும் அதே சுற்று. இரண்டு வருடம் கழித்து வேறோர் இடத்தில் அலாய் வீல் கீறலுக்குப் பணம் கேட்டார்கள். எடுத்த அன்றைய வீடியோவை அனுப்பினேன். மறு நாளே டெபாசிட் வந்தது, மன்னிப்பு வரவில்லை.

வண்டி பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லப் பழகியதுதான் எனக்கு மிகச் சிரமமாக இருந்தது. நம் ஆட்களுக்கு அது வராது. வரிசையில் பின்னால் ஆள் நிற்பார், பையன் வேறு சாவியை நீட்டிக்கொண்டே "சார் நல்லா ஓடும் சார்" என்பான், நமக்கு வாய் எழாது. சண்டை போடத் தேவையில்லை என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். "தம்பி, இந்த டயரோட கோத்தகிரி இறங்க முடியாது, வேற இருந்தா குடு, இல்லாட்டி நான் ஒரு மணி நேரம் உட்கார்றேன்" என்றால் போதும். உட்காருகிற ஆளைப் பார்த்தால் அவர்களுக்கும் சங்கடம். ஐந்து முறை இப்படி உட்கார்ந்திருக்கிறேன். நான்கு முறை வேறு வண்டி வந்தது. ஐந்தாவது முறை வரவில்லை, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்காடு போனோம். பிள்ளைகளுக்கு அந்தப் பயணம்தான் இன்று வரை நினைவிருக்கிறது.

இப்போது கோவையில் ஒரே யார்டில்தான் எடுக்கிறேன். விலை மற்றவர்களை விடக் கொஞ்சம் கூட. போன மாதம் வால்பாறைக்கு எடுத்தபோது புதன்கிழமை மாலையே அங்கே வேலை பார்க்கும் பையனிடமிருந்து போன்.

"அண்ணா, நம்பர் அனுப்பிட்டேன். பெட்ரோல் வண்டி, கிளட்ச் போன மாசம் மாத்துனது, நாலு டயரும் புதுசு. ஸ்டெப்னி மட்டும் பழசுங்கண்ணா, நீங்க எப்படியும் பார்ப்பீங்கன்னு இப்பவே சொல்லிட்டேன்."