பாட்டிலா, ஸ்பிரேயா: மூக்கறுபட்டவனின் கணக்கு

வளைந்திருந்த மூக்குத்தண்டை நேராக்கி, சைனஸ் வாயில்களையும் அகலப்படுத்திய பின் வீட்டுக்கு வந்தபோது என்னோடு இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று, உப்புநீரால் மூக்கைக் கழுவ 240 மில்லி பிடிக்கும் பிழியும் பாட்டில். மற்றொன்று, விரல் நீள உப்புநீர் ஸ்பிரே. எதை எப்போது தொடங்குவது என்பதை அறுவை செய்த மருத்துவர் சொல்லிவிட்டார். எதை நம்பி இருப்பது என்பதுதான் எனக்கு விட்ட வேலை. (மூக்கறுபட்டு வந்திருக்கிறான் என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பல வருடம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது நான்தானே.)

வசதி என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஸ்பிரே சட்டைப்பையில் கிடக்கும், இரண்டு அழுத்து, முடிந்தது. பாட்டிலுக்குத் தண்ணீர் காய்ச்ச வேண்டும், உப்புக் கலக்க வேண்டும், குனிந்து நிற்க வேண்டும். முதல் தடவை குளத்தில் மூழ்குவது போல் பயந்தேன்.

ஆனாலும் நான் பாட்டில் பக்கம்தான். காரணம் ஒன்றே ஒன்று: பொருக்கு.

அறுவை முடிந்ததும் காற்று சுகமாக ஓடும் என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசம். உள்ளே வீக்கம், அதன்மேல் காய்ந்த இரத்தமும் சளியும் சேர்ந்த பொருக்கு. சாதாரண நாளில் மூக்கின் உட்சவ்விலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அறுவைக்குப் பின் அவை பல வாரம் சோர்ந்துவிடுகின்றன. சிந்தலாம் என்றால் அதற்கும் தடை. தும்மல் வந்தால்கூட வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். ஆக, உள்ளே சேர்வதை வெளியே கொண்டுவரத் தண்ணீரை விட்டால் வேறு வழி இல்லை.

ஸ்பிரேயின் ஓர் அழுத்தில் வருவது ஏறக்குறைய 0.1 மில்லி. பொருக்கின் மேற்புறம் நனையும், இதமாக இருக்கும், அரை மணி நேரத்தில் மறுபடி காய்ந்துவிடும். பாட்டில் நீர் ஒரு துளையில் நுழைந்து மறு துளையில் கொட்டும்போது ஊறியதை இழுத்துக்கொண்டு வருகிறது. ஒன்பதாம் நாள் காலை, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு துண்டு தொட்டியில் விழுந்தது. அருவருப்பான காட்சிதான். அடுத்த மூச்சு வலது துளை வழியாகத் தங்குதடையின்றிப் போனது. பொருக்கு தேங்கினால் புண்ணான இரு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஆறிவிடவும் கூடும். அப்படி ஒட்டினால் திறந்த வழி மறுபடி அடைபடும். எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்கிக் குழாயை விட்டு மருத்துவர் சுத்தம் செய்யும் நாளிலும், ஊறிய பொருக்கு எளிதில் கழன்று வருகிறது.

இதற்கு விலை உண்டு. குழாய்த் தண்ணீரை நேரே மூக்கில் விடக் கூடாது. குடித்தால் இரைப்பை அமிலத்தில் சாகும் நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளையை எட்டிவிடும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். எனவே வாலை வடிநீர், அல்லது கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு வெதுவெதுப்பாக ஆறிய நீர். ஒரு பாட்டிலுக்கு அயோடின் சேராத உப்பு இரண்டு கிராம் அளவு, எரியாமலிருக்கச் சிட்டிகை சமையல் சோடா. பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அவசரப்பட்டு ஓங்கிப் பிழிந்து ஒருநாள் முழுவதும் காது அடைத்துக் கிடந்தேன். கழுவி ஒரு மணி நேரம் கழித்துச் செருப்பு வார் போடக் குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டும். இதெல்லாம் பழகிவிடும்.

ஸ்பிரேயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மூக்கில் அடைப்பு வைத்திருந்த முதல் இரண்டு நாளும், இரவில் வறண்டு விழித்தபோதும், பயணத்திலும் அதுதான் கைகொடுத்தது. ஆனால் மூக்கடைப்பை உடனே திறக்கும் மருந்து ஸ்பிரேயை உப்புநீர் ஸ்பிரே என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை நாள்கணக்கில் அடித்தால் மூக்கு முன்னிலும் அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

என் கணக்கு ஒரே ஒரு மூக்கின் கணக்கு. எனக்குப் பாலிப் என்னும் மூக்குச் சதை வளர்ச்சி இல்லை. அதை எடுத்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். இப்போது நான்காவது மாதம். ஸ்பிரே இன்னும் முதலாவதுதான், பாட்டில் இரண்டாவது.