1909 எண்ணில் பதிவதா, தெரியாத எண்களை மௌனமாக்குவதா?

பாம்பனில் எங்கள் வீட்டு எண்ணுக்கு, கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று பகலெல்லாம் அழைப்பு. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909-க்குக் கூப்பிட்டுப் பதிந்தால் செலவில்லை, லேண்ட்லைனுக்கும் பொருந்தும், 140-இல் தொடங்கும் விளம்பர அழைப்புகள் குறையும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் மோசடிக்காரனை மட்டும் அது தடுக்காது.

செல்போனில் தெரியாத எண்களை மௌனமாக்கினால் அவனும் ஒலிக்க மாட்டான், சரி. ஆனால் படகு கடலுக்குப் போன வீட்டில் அதை எப்படிப் போடுவது? காற்று மாறி மண்டபத்தில் கரையேறிய தம்பி, யாரோ ஒருவரின் போனை வாங்கித்தான் அம்மாவைக் கூப்பிடுவான், அது ஒலிக்காமல் போனால் அவர் விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்கு 1909தான். அப்புறம், ஓடிபி கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள்; பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.