அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்: நட்சத்திர பிட்சரை விற்கலாமா?

வியாசர்பாடியில் ஃபுட்பாலையும் கேரமையும் விட்டுவிட்டு எவனாவது பேஸ்பால் ஆடுவானா என்று நண்பர்கள் ஓட்டுகிறார்கள், ஓட்டட்டும். இந்த கம்ப்யூட்டர் கேம் பேட் பிடித்து விளாசுகிற வகை இல்லை. ஒரு அணியின் ஜெனரல் மேனேஜராக உட்கார்ந்து ஆள் எடுப்பது, ஆள் விற்பது, சம்பளக் கணக்கு பார்ப்பது, அவ்வளவுதான். திரையில் முக்கால்வாசி அட்டவணை, எல்லாம் ஆங்கிலம். கிராஃபிக்ஸ் வேண்டும் என்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது இதன் ட்ரேடு பக்கம்தான், அதாவது அணிகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது. பழைய சீசன் எதையும் எடுத்து ஆடலாம் என்பதால், 2016 முடிந்த நேரத்துக்குப் போய் சிகாகோ வைட் சாக்ஸை எடுத்துப் பாருங்கள். கையில் கிறிஸ் சேல், 27 வயசு, இடது கை, லீக்கின் முதல் வரிசை பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், சல்லிசான சம்பளத்தில் இன்னும் மூன்று சீசன் நம்மிடம்தான் இருப்பார். அணியோ 78 வெற்றி, 84 தோல்வி. நிஜத்தில் அந்த டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் இளம் வீரர்களான யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக், கூட இன்னும் இரண்டு பையன்களைக் கொடுத்து அவரைத் தூக்கியது. நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா?

சீசனுக்கு 162 ஆட்டம், சேல் மாதிரி ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பிட்சர் இறங்குவது ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை. தோற்கிற அணியில் அவர் என்ன போட்டாலும் வீண். அதுவும் பிட்சரின் கை காசிமேட்டு ஏலத்து வஞ்சிரம் மாதிரி, வெயில் ஏற ஏற விலை இறங்கும். பையன்கள் என்றால் மேல்மட்டமான மேஜர் லீக்குக்கு வந்த பிறகு சுமார் ஆறு வருஷம் நம்மிடம், முதல் சில வருஷம் அடிமட்டச் சம்பளம். கணக்குப்படி விற்பதுதான் சரி. ஆனால் அந்தப் பையன்களைப் பற்றி கேம் காட்டுகிற 20 முதல் 80 வரையிலான மதிப்பெண் நமக்காக ஆட்களை எடைபோடுகிற ஸ்கவுட்டின் ஊகம், அவ்வளவே. ஸ்கவுட் சுமார் என்றால் மதிப்பெண்ணும் சுமார். ஒரே மொன்காடா கேமை ஒரு முறை ஆடும்போது லீக்கின் நட்சத்திரங்களில் ஒருவராக ஆல் ஸ்டார் ஆவார், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கினால் பெஞ்சிலேயே கிடப்பார். இதற்காகவே கேமுக்கு நான் முழு மார்க் தருவேன்.

சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்து சாம்சனை வாங்கியபோது எங்கள் டீக்கடையில் நடந்த சண்டை நினைவிருக்கிறது. அங்கே மூன்று பேரும் தெரிந்த முகங்கள், எதை வைத்துச் சண்டை போடுகிறோம் என்றாவது தெரியும். இங்கே தெரிந்த ஒருவரைக் கொடுத்து, நான்கு வருஷம் கழித்து என்ன ஆவான் என்று தெரியாதவனை வாங்குகிறோம்.

நிஜக் கதையும் லேசில் தீரவில்லை. சேல் 2017இல் 308 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது, 2018இல் பாஸ்டனுக்கு வேர்ல்டு சீரிஸ் கோப்பை. சரி, பாஸ்டன் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? 2020இல் சேலுக்கு முழங்கை அறுவை சிகிச்சை, அப்புறம் வரிசையாகக் காயம், 2023 கடைசியில் அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள், அங்கே போய் 2024இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்! சிகாகோ 2020, 2021 இரண்டிலும் பிளேஆஃப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறியது, 2024இல் 121 தோல்வி.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், ட்ரேடு கடினம் என்ற செட்டிங்கை ஏற்றிவிட்டு ஆடுங்கள். எளிதில் வைத்தால் மூன்று சுமாரான ஆட்களைக் கட்டிக்கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கிவிடலாம், அதில் என்ன சுவை? பேரம் படியவில்லை என்றால், இது நடக்க இன்னும் என்ன வேண்டும் என்று எதிர் அணியைக் கேட்க ஒரு பட்டன் இருக்கிறது, அதை நன்றாகப் பயன்படுத்துங்கள்.

நானாக இருந்தால் சேலை விற்பேன். ஆனால் மொன்காடாவோடு நிற்காமல், அப்போது அதே பாஸ்டனின் மைனர் லீக்கில் இருந்த ரஃபேல் டெவர்ஸையும் சேர்த்துக் கேட்பேன். தரமாட்டார்கள். கேட்டுப் பார்க்கிறதில் என்ன போச்சு?