இணையத்தில் கல்வெட்டுத் தேடல்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சோழர் காலத்து ஊர்களின் வரலாற்றைத் தொகுக்கும் முயற்சியில், இணையத்தில் மின்படிகளாகக் கிடைக்கும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் (படியெடுத்த கல்வெட்டுகளின் பட்டியலும் சுருக்கமும்) தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையும் (அவற்றின் முழு வாசகம்) ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1887 முதல் வந்த அறிக்கைகளும் 1890இல் தொடங்கிய தொகுதிகளும் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே கிடைத்துவிடுகின்றன; இந்த வசதியைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் தேடுபெட்டியை நம்பக் கூடாது. கிரந்தமும் தமிழும் கலந்து அச்சான பழைய பக்கங்களைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. தமிழில் ஊர்ப்பெயரைத் தட்டினால் பெரும்பாலும் வெறுங்கைதான். ஆண்டறிக்கைகளில் ஊர்கள் மாவட்டம், வட்டம் வாரியாக ஆங்கில எழுத்துக்கூட்டலில் உள்ளன. அங்கும் அன்றைய எல்லைகளை நினைவில் வைக்க வேண்டும்: இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதிகளைத் தென்னார்க்காட்டில்தான் தேட வேண்டும், ஏனெனில் அம்மாவட்டம் 1993இல்தான் பிரிந்தது.

என்னை நெடுநாள் ஏமாற்றியது ஆண்டறிக்கையின் சுருக்கம். அது இரண்டு மூன்று வரிகளில் 'நிலக்கொடை' என்று சொல்லி முடித்துவிடும். நான்கெல்லை, வாய்க்காலின் பெயர், கையெழுத்திட்டவர்களின் ஊர் என உள்ளூர் வரலாற்றுக்கு உயிரான செய்திகள் யாவும் மூலவாசகத்தில்தான் இருக்கும். அதுவோ பல ஆண்டுகள் கழித்தே அச்சேறும். 1903-04இல் படியெடுத்தவை பதினேழாம் தொகுதியாக வெளிவந்தது 1964இல். இதை அறியாமல் முதல் இரண்டு ஆண்டுகள் சுருக்கங்களையே மூலமாகக் கொண்டு குறிப்பெடுத்தேன்; அவற்றில் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

காலக்கணிப்பிலும் சறுக்கினேன். 'கோவிராஜகேசரிவர்மர்க்கு யாண்டு 5' என்று கண்டதும், 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் என்று முடிவு செய்து, ஆட்சியாண்டையும் அதனுடன் கூட்டிக் குறித்துக்கொண்டேன். இராசகேசரி என்பது சோழ மன்னர் பலர் பூண்ட பட்டம்; முதலாம் ஆதித்தனும் கண்டராதித்தனும் சுந்தர சோழனும் இராசகேசரிகளே என்பது பிறகுதான் உறைத்தது. 'திருமகள் போல' என்று தொடங்கும் இராசராசனின் மெய்க்கீர்த்தி (மன்னனின் புகழைப் பாடும் முன்னுரை) இருந்தால் ஐயமில்லை. ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அது இராது. அப்போது எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்தாக வேண்டும், அதற்கு மைப்படியின் (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியின்) படம் தேவை. அச்சுத் தொகுதியில் எல்லாக் கல்வெட்டும் ஒரே அச்செழுத்தில் நிற்பதால், ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அந்தக் குறிப்பில் இப்போது ஆண்டை அடித்துவிட்டு, நூற்றாண்டை மட்டும் வைத்திருக்கிறேன்.

சிகாகோ பல்கலைக்கழகத் தளத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை இவ்வளவு நாள் சார்ந்திருப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மா, குழி, காணி என்று நில அளவுகள் வரும்போதெல்லாம் அதைத்தான் திறக்கிறேன். இருபது மா ஒரு வேலி என்பது மனத்தில் பதிந்துவிட்டாலும், வரிப்பெயர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

'கருவறைத் தென்சுவர்' என்று அறிக்கை சொல்லும் இடத்தில் கல் இப்போதும் இருக்கும் என்று கொள்ளவும் இயலாது. திருப்பணியில் கற்கள் இடம் மாறியிருக்கலாம், சுண்ணாம்பு மூடியிருக்கலாம், மணல்வீச்சில் எழுத்து தேய்ந்திருக்கலாம். சில இடங்களில் நூறாண்டுக்கு முன் எடுத்த படியே எஞ்சிய ஒரே சான்று. அதனால் என் குறிப்பேட்டில் அறிக்கை எண், தொகுதி எண், மூலவரி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'கல்லை நேரில் பார்த்தது' என்றொரு கட்டம் போட்டிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.